குளிரைச் சேமித்தல்: கதிரவன் மின்னில் ஒரு குளிர்பதனப் பெட்டி

சென்னையில் காமராசர் சாலை வழியாகத் திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் நோக்கிச் செல்வோர், கடலைப் பார்த்தவாறு வட்ட முகப்புடன் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைக் காண்பர். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. ஆயினும் பேருந்து நடத்துநர் நாவில் அது இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' தான். பாஸ்டன் நகரத்து வணிகரான பிரடெரிக் டியூடர் என்பாரின் நிறுவனம், அமெரிக்கக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றிக் கொணர்ந்து விற்பதற்காக 1842இல் எழுப்பிய கிடங்கு அது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த அதன் உடன்பிறப்புகள் அழிந்தன. சென்னையில் மட்டும் எஞ்சியது.

இவ்வணிகத்தில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. 1833இல் டியூடர் கல்கத்தாவிற்கு அனுப்பிய முதற் கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டி ஏற்றப்பட்டது. மே மாதம் புறப்பட்ட கப்பல், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்து வங்கம் சேர்ந்தது. அப்போது ஏறத்தாழ 100 டன் கரையாமல் இருந்தது! மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை, சுற்றிலும் பொதிந்த மரப்பட்டைத் தூளும் வைக்கோலும் பலகைகளுமே காவல். குளிரைச் செய்வது கடினம். செய்த குளிரைக் காப்பது எளிது என்பதை அக்கப்பல் காட்டிற்று. கதிரவன் மின்னை நம்பி வாழ விரும்பும் இல்லத்தார் முதலில் அறிய வேண்டியதும் இதுவே.

இனி, மின்வாரியத்தின் கம்பி தெருமுனை வரை வந்து நிற்கும் சென்னையில் தனித்தியங்கும் கதிரவன் மின் எதற்கு என்று வினவலாம். 2012இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரமும், பிற மாவட்டங்களில் அதனினும் பன்மடங்கும் மின்வெட்டு இருந்தது. அவ்வாண்டிலேயே கீழ்ப்பாக்கத்தில், செய்தித்தாள்கள் 'சோலார் சுரேஷ்' என்று பெயரிட்டழைத்த ஓர் அன்பர், தம் மாடியில் ஒரு கிலோவாட் தகடுகளை அமைத்து வீட்டை நடத்திக் காட்டினார். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் அடையாற்றின் கரையோரத் தெருக்களும் இருளில் மூழ்கின. மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபின் பல தெருக்களுக்கு மின்சாரம் வரப் பல நாள்கள் ஆயின. அந்நாள்களில் இன்சுலின் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தவித்த இல்லங்கள் பல.

ஈண்டு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். மாடியில் தகடு பதித்தவர் எல்லாரும் மின்வெட்டில் விளக்கெரிப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மின்வாரியக் கம்பியோடு இணைத்து, மிகுந்ததை வாரியத்திற்கே அளிக்கும் வகையான அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. உச்சி வெயிலில், தகடு பளபளக்க, வீட்டுக்குள் மின்விசிறி சுழலாது நிற்கும் காட்சியைத் தியாகராய நகரில் காணலாம். பேட்டரியுடன் தனித்தியங்கும் அமைப்போ, இரண்டும் கலந்த அமைப்போ உள்ள வீட்டிற்கே மின்வெட்டில் மின் கிடைக்கும்.

அத்தகைய வீட்டில் விளக்கும் விசிறியும் பெரும் சுமை அல்ல. கிண்டியை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட்டு நேர்மின்சாரத்தில் இயங்கும் கதிரவன் மின் அமைப்பை உருவாக்கினர். அது ராஜஸ்தானத்துச் சிற்றூர்களின் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சென்றடைந்தது. மாறுமின்சாரமாக மாற்றி மீண்டும் நேர்மின்சாரமாக மாற்றும் வீண் இழப்பைத் தவிர்த்ததே அதன் திறம். அவ்வீடுகளில் எரிந்தவை விளக்குகள், ஓடியது விசிறி, உயிர்பெற்றது கைப்பேசி. குளிர்பதனப் பெட்டி வந்தால்தான் கணக்கே வேறாகிறது. அது உறங்காத கருவி.

கிணறும் ஊற்றும்

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றில் நீர் இறைப்பதை எண்ணிக்கொள்வோம். கம்பிரசர் ஏற்றக்காரன். உள்ளே 4 டிகிரி, வெளியே 34 டிகிரி என்றால் கிணற்றின் ஆழம் 30. ஆழம் கூடக் கூட ஏற்றக்காரனின் உழைப்பும் கூடும். அத்துடன் பெட்டியின் சுவர், கதவிடுக்கு இவற்றின் வழியே வெளி வெப்பம் ஊற்றுப் போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதுவும் ஆழத்திற்கேற்பக் கூடும். ஆகவே, அடுப்பருகே 38 டிகிரியில் நிற்கும் பெட்டியை 30 டிகிரி உள்ள நடைக்கு மாற்றினால் ஊற்றே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்றக்காரனின் வேலை எளிதாவது அதற்கு மேலும் ஊதியம். புதிய தகடு ஒன்று வாங்குவதற்கு முன் பெட்டியை இடம் மாற்றிப் பார்ப்பது செலவற்ற வழி. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மேற்குச் சுவரோரம், வெயில் தாக்கும் சமையற்கட்டில், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பெட்டியை வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. பழைய பெட்டிகளுக்கு வெப்பம் வெளியேறும் குழாய்கள் முதுகில் இருந்தன. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அவை பக்கச் சுவர்களுக்குள் மறைந்துள்ளன. தொட்டால் சுடுவது அதனால்தான். பின்புறம் மட்டுமன்றி இருபுறமும் காற்றோட்டம் விடுதல் வேண்டும்.

கணக்கை எளிதாக்க, வெப்பத்தையும் மின்சாரத்தைப் போலவே யூனிட்டால் அளப்போம். ஒரு யூனிட் மின்சாரம் கொண்டு வீட்டுப் பெட்டி ஏறத்தாழ ஒன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் கூறினார். 190 லிட்டர் கொள்ளும் ஒற்றைக் கதவுப் பெட்டி, நட்சத்திரச் சீட்டின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 165 யூனிட், அதாவது நாளுக்கு 0.45 யூனிட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இது ஆய்வகத்தில் கதவைத் திறவாமல் அளந்த அளவு. நம் வீட்டில் கூடுதலே ஆகும்.

இதனோடு ஒரு குடும்பத்தின் பழக்கங்களை ஒப்பிடுவோம். 70 டிகிரிச் சூட்டில் ஐந்து லிட்டர் சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால், அது 4 டிகிரிக்கு இறங்க 0.38 யூனிட் வெப்பம் இறைக்கப்பட வேண்டும். ஆறியபின், 32 டிகிரியில் வைத்தால் 0.16 யூனிட்டே. ஐவர் குடிக்கப் பத்து லிட்டர் நீரை நாள்தோறும் 32இலிருந்து 8 டிகிரிக்குக் குளிர்விக்க 0.28 யூனிட் வெப்பம். மின்சாரமாகச் சொன்னால் ஏறத்தாழ 0.19 யூனிட். பெட்டி தன்னளவில் உண்ணும் உணவில் ஐந்தில் இரண்டு பங்கு, வெறும் தண்ணீருக்கே போகிறது! மண்பானை இந்த வேலையைச் செலவின்றிச் செய்யும். சென்னையின் ஈரக்காற்றில் மண்பானை, வறண்ட ஊர்களில் குளிர்வதுபோலக் குளிராது என்பது உண்மையே. பல் கூசும் குளிர் வேண்டுவோர்க்கு அது போதாது. தாகத்திற்குப் போதும்.

கதவைத் திறப்பதைப் பற்றி இல்லங்களில் ஓயாத பூசல் உண்டு. பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று சிந்திப்பதும், பெரியோர் அதட்டுவதும் எங்கும் காண்பதே. ஒருமுறை திறக்கையில் உள்ளிருக்கும் குளிர்காற்று முழுதும் வெளியேறி, சென்னையின் ஈரக்காற்று புகுந்தாலும், அதைக் குளிர்விக்கவும் அதிலுள்ள ஈரத்தை நீராக்கவும் ஆகும் வெப்பம் ஒரு யூனிட்டில் முந்நூறில் ஒரு பங்கிற்குச் சற்று மிகும், அவ்வளவே. மேலே சொன்ன சூடான சாம்பார்ப் பானை ஒன்று, நூறு முறை கதவைத் திறப்பதற்குச் சமம். பிள்ளைகளை அதட்டுவோர் பானையையும் சற்று நோக்கலாம். கதவு மூடியபின் இறுக மூடுகிறதா என்பதே பெரிது. காகிதத் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது. அவ்வழியே இரவும் பகலும் ஊற்று.

பக்ரீத் நாளின் கணக்கும் இங்கே சொல்லத்தக்கது. பத்துக் கிலோ இறைச்சியை ஒரே வேளையில் உறையச் செய்ய ஏறத்தாழ 0.9 யூனிட் வெப்பம் இறைக்கப்பட வேண்டும். மின்சாரமாக 0.6 யூனிட், பெட்டியின் ஒரு நாளைய உணவினும் மிகுதி. பங்கிட்டு அன்றே கொடுத்துவிடும் மரபு இவ்வகையிலும் நலம் பயக்கிறது. வீட்டிற்கென வைப்பதைச் சிறு பொதிகளாக்கி, வெயில் உள்ள பகற்பொழுதில் உள்ளே வைப்பது நன்று.

இரண்டு இன்வெர்ட்டர்கள்

சொல்லாராய்ச்சி செய்வார்க்கு வியப்பூட்டும் ஒரு குழப்பம் இங்கே உண்டு. கடைக்காரர் 'இன்வெர்ட்டர் பிரிட்ஜ்' என்கிறார். வீட்டில் பேட்டரியோடு இருக்கும் கருவியையும் இன்வெர்ட்டர் என்கிறோம். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. முன்னது, கம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் உட்கருவி. பழைய வகைக் கம்பிரசர், ஓடும்போது நூறு வாட் கொள்வதாயினும், புறப்படும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது நின்றுவிடும். வேகம் மாறும் கம்பிரசர் மெல்லத் தொடங்குவதால் இத்தொல்லை இல்லை. தனித்தியங்கும் இல்லத்தார் பெட்டி வாங்கும்போது இதனையே நாடலாம். தானே பனி நீக்கும் பெட்டியைவிடக் கையால் பனி நீக்கும் பெட்டி மேல். முன்னதில் பனியைக் கரைக்க உள்ளேயே ஒரு சூடேற்றி இருக்கிறது. ஆயின் கையால் பனி நீக்குவோர் சோம்பலாகாது. பனி அரை அங்குலம் படரவிட்டால் அதுவே குளிருக்குத் திரை.

பேட்டரியோடு உள்ள இன்வெர்ட்டர்தான் யாரும் கணக்கில் வையாத உண்ணி. எச்சுமையும் இல்லாமல் வெறுமனே விழித்திருக்கவே 20 வாட் அளவில் கொள்ளும் கருவிகள் உள. 24 மணி நேரத்திற்கு அது 0.48 யூனிட். குளிர்பதனப் பெட்டி முழு நாளும் கொள்வதைவிட, அதை இயக்கக் காத்திருக்கும் கருவி மிகுதியாக உண்கிறது! அதற்கு மேல் வழியிழப்பு வேறு. ஈயப் பேட்டரியில் இட்டதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பாது. இன்வெர்ட்டர் ஏழில் ஒரு பங்கை விழுங்கும். இரவில் பெட்டி ஒரு யூனிட் உண்ண வேண்டுமாயின் பகலில் தகடு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் ஈன வேண்டும். பகலிலேயே பெட்டி உண்டால் இவ்விழப்பில் பெரும்பகுதி இல்லை.

பகலில் உறைய வைத்தல்

எனவே பெட்டியைப் பகலில் மிகுதியாக ஓடவிட்டு, குளிரைப் பனிக்கட்டியாகச் சேர்த்து, இரவில் கம்பிரசரை நிறுத்திவிட முடியுமா? முடியும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 0.093 யூனிட் வெப்பத்தை உட்கொள்ளும். நாம் எடுத்துக்கொண்ட பெட்டிக்குள் நாளொன்றுக்குக் கசியும் வெப்பம் 0.68 யூனிட். இரவு பத்து மணி நேரத்திற்கு 0.28. அதை ஏற்க மூன்று கிலோ பனிக்கட்டி போதும்; முன்னெச்சரிக்கையாக நான்கு கிலோ வைப்போம்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குப்பிகள் நான்கில், பத்தில் ஒன்பது பங்கு நீர் நிரப்பி, உறைபகுதியில் வைக்க வேண்டும். நீர் உறைகையில் பெருகும். தலைதட்ட நிரப்பினால் குப்பி வெடிக்கும். முதன்முறை நான்கும் கல்லாக உறைய இரண்டு பகல் ஆகலாம். அதன்பின் இரவில் உருகியதை மட்டும் மறுநாள் உறையவைத்தால் போதும். காலை 8 மணிக்கு மேல் இயக்கி மாலை நிறுத்த, கடைகளில் கிடைக்கும் சாதாரண நேரக் கருவி உதவும். நிறுத்திய உடனே மீண்டும் இயக்கலாகாது. கம்பிரசருக்கு ஐந்து நிமிட ஓய்வு வேண்டும். நான்கு குப்பி நீர் இவ்வாறு ஆற்றும் பணியைப் பேட்டரி ஆற்ற வேண்டுமாயின், அதைப் பாதிக்கு மேல் வடியவிடாமல் காக்கும் வழக்கப்படி, 12 வோல்ட்டில் 50 ஆம்பியர்மணி அளவுள்ள பேட்டரி தேவை. சென்னை வெப்பத்தில் பேட்டரி சில ஆண்டுகளில் மூப்படையும். நீருக்கு மூப்பில்லை.

இது நம் வீட்டுச் சிக்கனம் மட்டும் அன்று. மின்கம்பி எட்டாத ஊர்களில் தடுப்பூசி மருந்துகளைக் காக்க முன்னாளில் தந்த கதிரவன் மின் பெட்டிகள், பேட்டரி பழுதாகி மூலையில் கிடந்தன. அந்தப் பட்டறிவால் எழுந்ததே, பேட்டரியே இன்றித் தகட்டிலிருந்து நேரே இயங்கிப் பகலில் பனிப்பாளங்களை உறையவைத்து இரவைக் கழிக்கும் வகை. உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்ற அவ்வகைப் பெட்டிகள் இன்று பல நாடுகளில் பணியாற்றுகின்றன.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. பனிக்கட்டி சுழியம் டிகிரியில் உருகுவதால், இரவில் உறைபகுதி அதற்குக் கீழ் நெடுநேரம் நில்லாது. பனிக்கூழையும் மாதக்கணக்கில் வைக்கும் இறைச்சியையும் அங்கே நம்பி வைக்கலாகாது. பால், தயிர், தோசைமாவு, காய்கறி, கறிக்குழம்பு இவற்றிற்கு ஏற்றது. உப்பு நீர் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் உறையும் என்று சிலர் அதை நிரப்புவர். அதை உறையவைக்கக் கிணற்றை இன்னும் ஆழமாக்க வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலிருந்து திறக்கும் பேழை வகைப் பெட்டியைச் சிறிய வெப்பநிலைக் கருவி கொண்டு குளிர்பதனப் பெட்டியாக மாற்றுவோரும் உளர். குளிர்காற்று கீழேயே தங்குவதால் செலவு மிகக் குறையும். ஆஸ்திரேலியாவில் அவ்வாறு மாற்றிய ஒரு பெட்டி நாளுக்கு 0.1 யூனிட் அளவிலேயே இயங்கியது. நம் வெப்பத்தில் அது கூடும். அடியில் நீர் தேங்கும். குனிந்து எடுக்க இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும்.

மருந்தும் மழையும்

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகள் இரவில் பெட்டியை நிறுத்துவதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்து ஒரு வாரம் விடியலில் பார்க்க வேண்டும். திறவாத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். மிகுதியாகக் குளிர்வதும் கேடே. உறைந்த இன்சுலின் பயனற்றது. எனவே அதைப் பனிக்குப்பியை ஒட்டி வைக்கலாகாது. பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்பர். மருந்துக்கு மருந்து வேறுபடும், உறையில் காண்க. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாமில் நிலவும் வெப்பத்தைக் கொண்டு ஆய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு, 25க்கும் 37க்கும் இடையே ஏறியிறங்கும் வெப்பத்திலும் நான்கு வாரம் இன்சுலின் திறன் குன்றவில்லை என்பது. புயல் நாளில் அஞ்சுவோர்க்கு இது சற்று ஆறுதல் தரும். அதனைக் கொண்டு அன்றாட வழக்கத்தை மருத்துவரைக் கேளாது மாற்றிக்கொள்ளுதல் தகாது.

மழைக்காலமே உண்மையான தேர்வு. ஒரு கிலோவாட் தகடு சென்னையில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாளில் ஒரு யூனிட்டும் தராமல் போகலாம். மூன்று நாள் கதிரவன் முகம் காட்டாவிடில், கசியும் வெப்பம் இரண்டு யூனிட். அதை ஏற்க இருபத்திரண்டு கிலோ பனிக்கட்டி வேண்டும். 190 லிட்டர்ப் பெட்டிக்குள் அதை வைத்தால் உணவுக்கு இடமில்லை. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் உறைபகுதியில் இடமுள்ள மட்டும் குப்பிகளை உறைய வைத்து, விரைவில் கெடுவனவற்றைச் சமைத்து உண்டு, பெட்டியை வெறுமையாக்குவதே நடைமுறைக்கு ஒத்தது. பாலையும் மருந்தையும் மட்டும் பட்டினப்பாக்கம் மீன் விற்போர் வைத்திருப்பது போன்ற தடித்த தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, ஐந்தாறு பனிக்குப்பிகளைத் துணியில் சுற்றிச் சுற்றிலும் அடுக்கி, மருந்துக்கும் பனிக்கும் இடையே அட்டை ஒன்றைச் செருகி, மூடியை ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டால், நாளைக்கு இருமுறை மட்டும் திறப்பின், இரண்டு நாள் தாங்கும். உள்ளே வெப்பமானியையும் வைத்து மூடுக.